எச்சம் எது? – தேர்தலில் குடும்பப் பெயரும் வாக்காளர் தீர்ப்பும்

'வாரிசு அரசியல்' என்னும் தொடர் இன்று நம்மிடையே ஒரு வசைமொழியாகவே வழங்கி வருகிறது. தேர்தல் வந்துவிட்டால், சுங்கை பினாங் வட்டாரத்து அடுக்குமாடி வீடுகளின் கீழும், ஜெலுத்தோங் சாலை ஒட்டுக்கடைகளிலும் இத்தொடர் புழங்காத நாளே இராது. ஒருவர் இன்னாரின் மகன் என்பதற்காகவே ஏசப்படுகிறார். இன்னாரின் மகன் என்பதற்காகவே போற்றவும்படுகிறார். ஆனால், ஏசுவோரும் போற்றுவோரும் ஒரு கருத்தில் மட்டும் ஒன்றுபட்டு நிற்கின்றனர். 'நம் மக்கள் பெயரைப் பார்த்து வாக்களிப்பவர்கள்' என்பதே அக்கருத்து. ஏசுவோர் அதனை மக்களின் அறியாமை என்கின்றனர். போற்றுவோர் அதனை மக்களின் நன்றியுணர்ச்சி என்கின்றனர்.

இக்கருத்து உண்மைதானா? பினாங்கு மாநிலத்துத் தேர்தல் வரலாற்றை வைத்துக்கொண்டு பார்த்தால், இது உண்மையன்று என்பது புலனாகும். மக்கள் பெயரை மதிக்கின்றனர். ஆனால் பெயருக்கு அடிமைப்படவில்லை. அப்படியாயின் குற்றம் எங்கே இருக்கிறது? அதனைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழாசிரியர்களும் தமிழன்பர்களும் படிக்கும் பகுதியாதலின், முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம்.

சொல்லின் இரு முகம்

'வாரிசு' தமிழ்ச் சொல் அன்று. அரபு மொழியில் 'வாரிஸ்' என்பது இறந்தவரின் உடைமையைப் பெறும் உரிமையுடையவரைக் குறிக்கும். அச்சொல் உருதுவின் வழியாகவும் நீதிமன்ற வழக்கின் வழியாகவும் தமிழுக்கு வந்து, 'வாரிசு' என்று உருமாறிற்று. அதே சொல் கடல் கடந்து மலாய் மொழிக்கும் சென்று, அங்கே 'வாரிஸ்' என்றே நிலைத்தது. ஆகவே, பினாங்குத் தமிழர் இச்சொல்லைத் தம் மொழியிலும் நாட்டின் தேசிய மொழியிலுமாக இரண்டு முறை கேட்கின்றனர்.

ஆனால் இரண்டிடத்தும் பொருள் ஒன்றாக இல்லை. தமிழில் வாரிசு என்றவுடன் நம் மனக்கண்முன் நிற்பவை வீடு, நிலம், நகை ஆகியவற்றைப் பெறும் உரிமைதான். மலாய் மொழியிலும் அப்பொருள் உண்டு. அதனோடு மற்றொரு பொருளும் அன்றாட வாழ்வில் உண்டு. மருத்துவமனையில் நோயாளியைச் சேர்க்கும்போது படிவத்தில் 'வாரிஸ்' யார் என்று கேட்கின்றனர். பள்ளிப் படிவங்களிலும் அச்சொல் இடம்பெறுவதை ஆசிரியர்கள் அறிவர். அங்கே அது சொத்தைப் பெறுபவரைக் குறிப்பதில்லை. இடர் வந்தால் அழைக்கத்தக்கவரை, அழைத்தவுடன் ஓடிவந்து பொறுப்பேற்றுக் கையொப்பமிடுபவரைக் குறிக்கிறது. முன்னவர் பெறுபவர், பின்னவர் பொறுப்பவர்.

'வாரிசு அரசியல்' பற்றிய நம் வாதங்களில் பாதிக் குழப்பம் இவ்விரு பொருளையும் பிரித்தறியாமையால் விளைவது. ஒரு குடும்பத்தவர் தேர்தலில் நிற்கும்போது, அவர் பெறுவதற்காக வருகிறாரா, பொறுப்பதற்காக வருகிறாரா என்று வாக்காளர் பார்க்கின்றனர். வாதம் புரிவோரோ அதனைப் பாராமல், உறவு ஒன்றையே பார்க்கின்றனர்.

வள்ளுவரின் எச்சம்

இவ்வினா தமிழுக்குப் புதியதன்று. திருக்குறளின் பன்னிரண்டாம் அதிகாரமாகிய நடுவு நிலைமையில், ஒருவர் தக்கவரா தகவற்றவரா என்பது அவரவருடைய எச்சத்தைக் கொண்டு அறியப்படும் என்னும் கருத்தமைந்த குறள் ஒன்று உண்டு. 'எச்சம்' என்றால் எஞ்சி நிற்பது. ஒரு மனிதர் மறைந்தபின் எஞ்சி நிற்பது எது? இங்கேதான் உரையாசிரியர்கள் வேறுபடுகின்றனர்.

பரிமேலழகர் எச்சம் என்பதற்கு மக்கள் என்று பொருள் கொண்டார். நன்மக்கள் உண்டா இல்லையா என்பதைக் கொண்டு தந்தையின் தகுதியை அறியலாம் என்பது அவர் கருத்து. நம் காலத்து உரையாசிரியராகிய டாக்டர் மு. வரதராசனாரோ, ஒருவருக்குப் பின் நிற்கும் புகழையும் பழியையுமே எச்சமாகக் கொண்டார். ஒருவர் கொண்ட பொருள் பிள்ளை. மற்றவர் கொண்ட பொருள் செயலின் விளைவு.

இவ்விரண்டில் எது சரியென்று இங்கே தீர்ப்புக் கூற வேண்டுவதில்லை. நாம் கவனிக்க வேண்டுவது வேறொன்று. பரிமேலழகர் உரையையே ஏற்றுக்கொண்டாலும், அவ்வுரை மகனுக்கு எந்த உரிமையையும் வழங்கவில்லை. மகனைக் கொண்டு தந்தையை அளக்கலாம் என்பதுதான் அவ்வுரையின் முடிவு. தந்தையைக் கொண்டு மகனை அளக்கலாம் என்று எவ்வுரையும் கூறவில்லை. நம் தேர்தல் மேடைகளில் நடப்பதோ இதற்கு நேர்மாறானது. தந்தையின் தொண்டைச் சொல்லி மகனுக்கு வாக்குக் கேட்கின்றனர். குறளை மேற்கோள் காட்டும் பேச்சாளர்கள் இத்திசை மாற்றத்தைக் கண்டுகொள்வதே இல்லை.

பொருட்பாலின் அதிகார வைப்பு முறையும் எண்ணத்தக்கது. 51ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல். 52ஆம் அதிகாரம் தெரிந்து வினையாடல். அதன் பின்னரே, 53ஆம் அதிகாரமாகச் சுற்றந்தழால் வருகிறது. ஆளை ஆராய்ந்து நம்புதல் முதலில். அவருக்கு ஏற்ற வினையை ஒப்படைத்தல் அடுத்து. சுற்றத்தாரைத் தழுவிக்கொள்ளுதல் அதற்கும் அடுத்து. சுற்றத்தைத் தழுவும் அதிகாரத்தில், கொடுத்தலும் இன்சொல்லும் வலியுறுத்தப்படுகின்றனவே அன்றி, பதவியைப் பகிர்ந்தளித்தல் வலியுறுத்தப்படவில்லை.

வள்ளுவர் பிறப்பை அறவே புறக்கணித்தார் என்றும் நாம் சொல்லிவிட இயலாது. தெளியத்தக்கவருடைய இயல்புகளுள் நற்குடிப் பிறப்பையும் அவர் எண்ணினார். ஆயினும் அதனைத் தனியே நிறுத்தவில்லை. குற்றங்களிலிருந்து நீங்கியிருத்தல், பழிக்கு நாணுதல் ஆகியவற்றோடு சேர்த்தே வைத்தார். அதே அதிகாரத்தில், அன்பு ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு அறியத்தக்கவற்றை அறியாதவரை நம்புதல் எல்லா அறியாமையையும் தரும் என்றும் எச்சரித்தார். குடிப்பிறப்பு ஒரு சான்று. அதுவே தீர்ப்பு ஆகாது என்பதுதான் இதிலிருந்து பெறப்படுவது.

பெர்மாத்தாங் பாவ் காட்டும் கணக்கு

நூல் கூறுவது இது. நாடு கூறுவது யாது? நம் மாநிலத்தின் பெருநிலப் பகுதியிலுள்ள பெர்மாத்தாங் பாவ் நாடாளுமன்றத் தொகுதியைக் காட்டிலும் நல்ல சான்று இந்நாட்டில் வேறு கிடைப்பதரிது. 1982ஆம் ஆண்டு முதல் 2022ஆம் ஆண்டு வரை, நாற்பது ஆண்டுகள், அத்தொகுதி ஒரே குடும்பத்தாரிடம் இருந்தது. டத்தோஸ்ரீ அன்வார் இப்ராகிம், அவர் துணைவியார் டாக்டர் வான் அஸிஸா, மகள் நூருல் இஸ்ஸா ஆகிய மூவரும் மாறி மாறி அதன் உறுப்பினராயினர். 'பெயருக்கு வாக்களிக்கும் மக்கள்' என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று சிலர் கேட்பர். எண்களை வரிசைப்படுத்திப் பார்ப்போம்.

1998ஆம் ஆண்டு செப்டம்பரில் அன்வார் துணைப் பிரதமர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். மறு ஆண்டு ஏப்ரலில் சிறைத்தண்டனை பெற்றார். 1999 நவம்பர் 29ஆம் நாள் நடந்த பொதுத்தேர்தலில், கண் மருத்துவராகிய வான் அஸிஸா கணவரின் தொகுதியில் நின்று 9,077 வாக்கு வேறுபாட்டில் வென்றார். 2004ஆம் ஆண்டு அவரே மீண்டும் நின்றார். பெயர் அதுவே, கணவர் அப்போதும் சிறையிலேயே இருந்தார். ஆனால் வேறுபாடு 590 வாக்குகளாகச் சுருங்கியது. 2008 மார்ச்சில் அது 13,388 ஆக உயர்ந்தது. அவ்வாண்டு ஜூலையில் அவர் பதவி விலகி வழிவிட, ஆகஸ்டு 26ஆம் நாள் நடந்த இடைத்தேர்தலில் அன்வார் 15,671 வாக்கு வேறுபாட்டில் வென்றார். 2013இல் அது 11,721. அன்வார் மீண்டும் சிறைப்பட்டபின் நடந்த 2015ஆம் ஆண்டு மே மாத இடைத்தேர்தலில், மீண்டும் வான் அஸிஸா, வேறுபாடு 8,841. 2018இல் மகள் நூருல் இஸ்ஸா, வேறுபாடு 15,668. 2022 நவம்பர் 19ஆம் நாள், அதே நூருல் இஸ்ஸா, பாஸ் கட்சியைச் சேர்ந்த வேட்பாளரிடம் 5,272 வாக்கு வேறுபாட்டில் தோல்வியுற்றார்.

இவ்வெண்கள் கூறுவது என்ன? பெயர் மாறவில்லை, வாக்குகள் மாறிக்கொண்டே இருந்தன. ஒரு காரணம் மாறாமல் நிற்க, விளைவு மட்டும் ஏறியும் இறங்கியும் வருமாயின், அக்காரணத்தை முழுக்காரணம் என்று கூறுதல் அளவை நெறிக்குப் பொருந்தாது. 2004இல் நாடெங்கும் வீசிய காற்று இங்கும் வீசியது. அத்தேர்தலில் கெஅடிலான் கட்சிக்கு நாடாளுமன்றத்தில் கிடைத்தது இவ்வோரிடம் மட்டுமே. 2008இலும் 2018இலும் காற்று மறுபுறம் திரும்பியது. 2022இல் வடமாநிலங்களில் வீசிய பெரிக்காத்தான் அலை இத்தொகுதியையும் தொட்டது. பதினெட்டு வயதினர்க்கு வாக்குரிமையும், தாமாகவே வாக்காளராகப் பதிவாகும் முறையும் 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தபின் நடந்த பொதுத்தேர்தல் அது. ஆகையால், வாக்காளர் பட்டியலே பெரிதும் மாறியிருந்தது. 'மக்கள் குடும்ப அரசியலை வெறுத்துத் தோற்கடித்தனர்' என்று 2022ஆம் ஆண்டின் முடிவுக்கு உரை கூறுவதும் மிகையே. பெயர் காப்பாற்றவும் இல்லை. பெயரே கவிழ்க்கவும் இல்லை. பெயரையும் பிறவற்றையும் ஒருசேர எடைபோட்டனர் என்பதே பொருத்தமான உரை.

மற்றொன்றும் காணத்தக்கது. அத்தேர்தல் முடிந்த ஐந்தாம் நாள், தம்புன் தொகுதியில் வென்ற அன்வார் நாட்டின் பிரதமராகப் பதவியேற்றார். அவர் வாழ்நாளின் மிகப்பெரிய பதவி கிட்டிய அதே வாரத்தில், அவர் பிறந்து வளர்ந்த மண் அவர் மகளைத் தேர்ந்தெடுக்க மறுத்திருந்தது. சிறையிலிருந்தவருக்காகப் பொறுப்பேற்று வந்த வாரிசை 1999இல் மக்கள் தழுவிக்கொண்டனர். இருபத்து மூன்று ஆண்டுகள் கழிந்தபின், அதே பெயருக்கு அதே சலுகையை அவர்கள் தரவில்லை.

தீவில் நடந்தது

1999ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாளுக்கு மீண்டும் வருவோம். பெருநிலத்தில், இதற்கு முன் தேர்தலில் நில்லாத ஒருவர் கணவர் பெயரோடு வந்து வென்ற அதே நாளில், தீவில் யாது நடந்தது? 1978 முதல் இருபத்தோராண்டு ஜெலுத்தோங் உறுப்பினராக இருந்து, 'ஜெலுத்தோங் புலி' என்று பெயர் பெற்ற கர்ப்பால் சிங், கெராக்கான் வேட்பாளரிடம் தோற்றார். ஜனநாயகச் செயல் கட்சியின் தலைவராகிய லிம் கிட் சியாங், புக்கிட் பெண்டேராவில் தோற்றார். இருவருடைய பெயரும் பினாங்கில் அறியாதார் இலர். ஆயினும் பாஸ் கட்சியோடு அக்கட்சி கொண்ட கூட்டு, சீன, இந்திய வாக்காளர் பலருக்கு அச்சத்தை விளைவித்தது. பெயரின் பெருமையைவிட அந்த அச்சம் பெரிதாயிற்று. ஒரே நாளில், ஒரே மாநிலத்தில், ஆராயப்படாத பெயர் வென்றது. ஆராய்ந்து அறியப்பட்ட பெயர்கள் தோற்றன.

கர்ப்பால் சிங் 2004இல் புக்கிட் குளுகோரில் நின்று வென்று மீண்டு வந்தார். 2014 ஏப்ரல் 17ஆம் நாள், நெடுஞ்சாலை விபத்தில் உயிர் நீத்தார். தூக்குக் கயிற்றின் நிழலில் நின்ற எத்தனையோ பேருக்காக வாதாடியவர். 1987ஆம் ஆண்டு 'ஓப்பராசி லாலாங்' நடவடிக்கையில் விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்டவர். 2005ஆம் ஆண்டு விபத்துக்குப்பின் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே நாடாளுமன்றத்தில் முழங்கியவர். அவர் மறைவுக்குப் பினாங்கு கண்ணீர் விட்டதில் வியப்பில்லை. மே 25ஆம் நாள் நடந்த இடைத்தேர்தலில், அவர் மகன் ராம்கர்ப்பால் 37,659 வாக்கு வேறுபாட்டில் வென்றார்.

இதனை அனுதாப வாக்கு என்று கூறி முடித்துவிடுகின்றனர். தேசிய முன்னணி அவ்விடைத்தேர்தலில் போட்டியிடவில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். எதிரே நின்றது மிகச் சிறிய கட்சி ஒன்றே. எனவே அவ்வெண்ணைத் துயரத்தின் அளவுகோலாகக் கொள்ளுவதற்கில்லை. துயரம் முதல் வாக்கைத் தரலாம். 2018இலும் 2022இலும் அவர் மீண்டும் வென்றதைத் துயரத்தால் விளக்க இயலுமா?

கர்ப்பாலின் பிற மைந்தர்களும் இத்துறையிலேயே உள்ளனர். கோபிந்த் சிங் டியோ 2008 முதல் நாடாளுமன்ற உறுப்பினர். சிலாங்கூர் தொகுதிகளில் நின்று வென்றவர். ஜக்டீப் சிங் டியோ, சுங்கை பினாங்கைப் போலவே ஜெலுத்தோங் நாடாளுமன்றத் தொகுதிக்குள் அடங்கிய டத்தோ கெராமாட் சட்டமன்றத் தொகுதியிலிருந்து வந்தவர். 2023ஆம் ஆண்டு மாநிலத் தேர்தலுக்குப்பின், பேராசிரியர் பி. இராமசாமி 2008 முதல் வகித்துவந்த இரண்டாம் துணை முதலமைச்சர் பொறுப்பு அவரிடம் வந்தது. லிம் குடும்பத்திலும் இதுவே கதை. தந்தை 1986 முதல் 1999 வரை தஞ்சோங் உறுப்பினர். மகன் லிம் குவான் எங் 2008 முதல் 2018 வரை முதலமைச்சர். மகள் லிம் ஹுய் யிங் 2022இல் தந்தையின் பழைய தொகுதியாகிய தஞ்சோங்கில் வென்றார்.

இங்கே நேர்மையான திறனாய்வாளர் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். 1987இல் லிம் கிட் சியாங்கும் லிம் குவான் எங்கும் ஒரே காலத்தில் காவலில் வைக்கப்பட்டனர். 1998இல் மகன் மீண்டும் சிறை சென்றார். நாடாளுமன்றப் பதவியையும் இழந்தார். அந்நாளில் அப்பெயரைச் சுமந்ததால் கிடைத்தவை சிறையும் வழக்குமே. வாரிசு என்பதன் இரண்டாம் பொருளில், பொறுப்பவர் என்னும் பொருளில், அவர்கள் வாரிசுகளாக இருந்தனர். அதனால்தான் அக்காலத்து மக்கள் அவர்களைக் குடும்பக் கணக்கில் எழுதவில்லை. கட்சி ஆட்சிக்கு வந்து, பெயர் துன்பத்தைத் தராமல் பதவியைத் தரத் தொடங்கியபின், அதே உறவு வேறு கண்ணோடு பார்க்கப்படுகிறது. மக்கள் மாறிவிட்டனர் என்று வருந்துவோர், மாறியது பெயரின் பயன் என்பதை உணர்தல் வேண்டும்.

நியமனமும் தேர்தலும்

மக்களின் இந்த நுண்ணிய நோக்கிற்கு மற்றொரு சான்றும் உண்டு. 2023ஆம் ஆண்டு ஜனவரியில், நூருல் இஸ்ஸா பிரதமரின் பொருளாதார, நிதி ஆலோசகராக நியமிக்கப்பட்ட செய்தி வெளிவந்தது. ஊதியமில்லாத பணியென்று விளக்கம் தரப்பட்டது. இருந்தும் கண்டனம் எழுந்தது; அடுத்த மாதமே அவர் அப்பொறுப்பிலிருந்து விலகி, நிதியமைச்சருக்கான ஆலோசனைக் குழுவின் செயலகப் பணிக்கு மாறினார்.

அவரே 2008ஆம் ஆண்டு லெம்பா பந்தாய் தொகுதியில் ஓர் அமைச்சரை எதிர்த்து நின்று வென்றபோது, இத்தகைய கண்டனம் எழவில்லை. ஏன்? அங்கே அவர் தேர்வு எழுதினார். மக்கள் மதிப்பெண் வழங்கினர். இங்கேயோ தேர்வு இல்லை. தந்தை நியமித்தார், மகள் பெற்றார். உறவு இரண்டிடத்தும் ஒன்றே. மக்கள் வெறுத்தது உறவை அன்று, தேர்வில்லாமையை.

வாக்குரிமை கொண்டு மக்கள் இவ்வாறு தீர்ப்பளித்தல் பினாங்கிற்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாட்டில் மு. க. ஸ்டாலின் 1984இல் ஆயிரம் விளக்குத் தொகுதியில் முதன்முதலாக நின்று தோற்றார், 1989இல் வென்றார், 1991இல் மீண்டும் தோற்றார். கலைஞரின் மகன் என்பதை அறியாத வாக்காளர் அத்தொகுதியில் இருந்திருக்க முடியாது. 2021இல் அவர் முதலமைச்சரானபோது, முதற் தோல்விக்குப்பின் முப்பத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. இலங்கையில் கணவரை இழந்த சிறிமாவோ பண்டாரநாயக்கா 1960இல் உலகின் முதற் பெண் பிரதமரானார்; 1977இல் அவர் கட்சி எட்டு இடங்களுக்குச் சுருங்கியது. அந்நாட்டிலேயே 2020ஆம் ஆண்டுத் தேர்தலில் மாபெரும் வெற்றி பெற்ற ராஜபக்ச குடும்பத்தார், இரண்டே ஆண்டுகளில் மக்கள் எழுச்சியின்முன் பதவி துறந்தனர். எங்கும் கதை ஒன்றே: பெயர் கதவைத் திறக்கும், வீட்டில் குடியிருக்க வேறு தகுதி வேண்டும்.

உத்தரமேரூர் கூறும் விதி

கதவைத் திறப்பது பெயர் என்றேன். அக்கதவுக்குக் காவல் யார் என்பதே இனி எழும் வினா. இதற்கு நம் முன்னோர் கண்ட விடை ஒன்று கல்லில் உள்ளது.

முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். குடவோலை முறையை மாணவர்க்குக் கற்பிக்காத ஆசிரியர் இலர். முப்பது குடும்புகள், குடத்தில் இடும் ஓலைகள், சிறுவனைக்கொண்டு ஓலை எடுத்தல் என்று கதைபோல் சொல்லி முடித்துவிடுகிறோம். அதன் தகுதியின்மை விதிகளை ஆழ்ந்து படிப்பவர் சிலரே.

வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்திற்கு வர இயலாது. அவர் மட்டுமல்லர், அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமனார், மருமகன், மனைவியின் உடன்பிறந்தான், சகோதரியின் கணவன், சகோதரியின் மக்கள், சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மாமன் மக்கள் என்று ஒரு நீண்ட பட்டியலே விலக்கப்படுகிறது. முந்திய மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவர்க்கும் இடமில்லை.

அந்தச் சபை பிராமணர் ஊரின் சபை. நிலமும் வேதக் கல்வியும் உடையோர்க்கே உரியது. எல்லா மக்களுக்கும் உரிய குடியாட்சியென்று அதனைப் புகழ்வது வரலாற்றுக்கு ஒவ்வாது. ஒருவர் செய்த பிழைக்கு அவர் உறவினரைத் தண்டித்தலும் இன்றைய நீதிக்கு ஒவ்வாது. ஆயினும் அவ்விதியின் உட்கருத்து சிந்திக்கத்தக்கது. உறவு என்பது அக்கல்வெட்டில் தகுதியாக எங்கும் சொல்லப்படவில்லை, தகுதியின்மையாகவே சொல்லப்படுகிறது. இன்னாரின் மகன் என்பதால் ஒருவன் ஓலையில் பெயர் எழுதப்பெறுவதில்லை. இன்னாரின் மகன் என்பதால் பெயர் நீக்கப்படலாம். உறவின் வழியாகக் கடன் கடக்கும், உரிமை கடவாது. மேலும், இவ்விதி செயற்படும் இடம் எது என்பதையும் நோக்க வேண்டும். குடத்திலிருந்து ஓலையை எடுக்கும் சிறுவனுக்கு இவ்விதி கூறப்படவில்லை. குடத்திற்குள் எந்த ஓலையை இடலாம் என்று முடிவு செய்வோருக்கே கூறப்பட்டது.

குற்றம் எங்கே?

இதுவே நம் வினாவுக்கு விடை. இன்றைய தேர்தலில் ஓலையை எடுப்பவர் வாக்காளர். ஓலையை இடுபவை கட்சிகள். வாக்காளர் தம்முன் வைக்கப்பட்டவருள் ஒருவரையே தேர்ந்தெடுக்க முடியும். வைக்கப்படாத ஒருவரைத் தேர்ந்தெடுக்க அவரால் ஆகாது. ஆகவே 'மக்கள் பெயருக்கு வாக்களிக்கின்றனர்' என்னும் குற்றச்சாட்டு, இடவேண்டியவர் செய்த தவற்றை எடுப்பவர்மீது சுமத்துவதாகும்.

கட்சிக்காரர் இதற்கு ஒரு மறுமொழி வைத்திருக்கின்றனர். 'மருத்துவர் மகன் மருத்துவராகலாம். வழக்கறிஞர் மகள் வழக்கறிஞராகலாம். அரசியல்வாதியின் மகன் அரசியல்வாதி ஆகக்கூடாதா?' என்பர். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால், மருத்துவர் மகன் மருத்துவக் கல்லூரியில் சேர வேண்டும். ஆண்டுதோறும் தேர்வில் தேற வேண்டும். விடைத்தாளைத் திருத்துபவர் அவன் தந்தை அல்லர். கட்சியில் வேட்பாளரை நியமிக்கும் அறையிலோ, விடைத்தாளைத் திருத்துவோர் பெரும்பாலும் தந்தையின் நண்பர்கள், சிலபோது தந்தையே. உவமை பொருந்த வேண்டுமாயின், முதலில் தேர்வு பொருந்த வேண்டும்.

மற்றொரு மறுமொழி நன்றியைப் பற்றியது. தியாகம் செய்த குடும்பத்திற்கு நன்றி செலுத்த வேண்டாமா என்பர். வேண்டும். செய்ந்நன்றி மறத்தல் தமிழர் பண்பன்று. ஆனால் நன்றிக்கடனை அவரவர் தம் பொருளைக் கொண்டு தீர்க்க வேண்டும். வாக்கு வாக்காளரின் சொந்தப் பொருள்; அதைக் கொண்டு அவர் நன்றி செலுத்தினால் அவரைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. வேட்பாளர் இடமோ கட்சித் தலைவரின் சொந்தப் பொருளன்று. பல்லாண்டு சுவரொட்டி ஒட்டியும், வீடு வீடாக ஏறி இறங்கியும் கட்சியை வளர்த்த தொண்டர் அனைவர்க்கும் பொதுவானது அது. பொதுப்பொருளை எடுத்துத் தம் நன்றிக்கடனைத் தீர்ப்பது கொடையாகாது.

இதனால் பெரிதும் இழப்பவர் யார் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பினாங்குச் சட்டமன்றத்தில் இடங்கள் 40; நாடாளுமன்றத்திற்கு இம்மாநிலம் அனுப்பும் உறுப்பினர் 13 பேர். மக்கள்தொகையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினராகிய இந்தியருக்குக் கட்சிகள் ஒதுக்கும் தொகுதிகளைக் கைவிரல்களால் எண்ணிவிடலாம். நாற்பது கதவுகள் உடையவர்க்கு ஒரு கதவு அடைபட்டால் அது சிறு குறை. நான்கைந்து கதவுகளே உடையவர்க்கு ஒன்றிரண்டு கதவுகள் குடும்பப் பெயரால் அடைபட்டால், ஒரு தலைமுறையே வெளியில் நிற்க நேரிடும். தோட்டத்திலிருந்து நகருக்குப் பெயர்ந்து வந்த தொழிலாளியின் மகள், சுங்கை பினாங் ஆற்றங்கரை அடுக்குமாடி வீட்டில் வளர்ந்து, தமிழ்ப்பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் பயின்று, வட்டாரக் கிளையில் பத்தாண்டு உழைத்தவள், கடைசியில் நியமன அறையின் வாயிலில் 'நீ யார் மகள்?' என்னும் கேள்வியைச் சந்திப்பாளாயின், அவளுக்கு நாம் கற்பித்த குறளும் கல்வெட்டும் என்ன பயன் தந்தன?

ஆசிரியர் கடமை

உத்தரமேரூரின் விதியை அப்படியே இன்று கொண்டுவர வேண்டுமென்று எவரும் கூறார். தலைவரின் மகனாகப் பிறந்தது எவர் குற்றமும் அன்று. அதற்காக ஒருவரை விலக்குதல், அதற்காக ஒருவரை ஏற்றுதலைப் போலவே தவறு. ஆனால் அவ்விதியின் உட்கருத்தைக் கொண்டுவரலாம். பெரும்பெயர் உடையவர் முதலில் பெயர் உதவாத இடத்தில், தந்தையின் தொகுதிக்கு வெளியே, நின்று காட்டட்டும். தந்தையும் தமையனும் அமர்ந்திருக்கும் நியமனக் குழுவில், அவர்தம் உறவினர் பெயர் ஆராயப்படும்போது அவர்கள் எழுந்து வெளியே செல்லட்டும். உறவினருக்குத் தேர்வின்றிப் பதவி வழங்கும் நியமனங்கள் நிற்கட்டும். பெயருடையவர்க்குத் தேர்வு எளிதாக அன்று, மற்றவர்க்குள்ளதினும் கடிதாக இருக்கட்டும். ஏனெனில் அவர் பந்தயத்தில் பாதி வழியைக் கடந்து நின்றே ஓடத் தொடங்குகிறார்.

தமிழாசிரியர்க்கு இதில் ஒரு பங்கு உண்டு. நடுவு நிலைமை அதிகாரத்தைக் கற்பிக்கும்போது, எச்சம் என்னும் சொல்லுக்கு இரண்டு உரைகளையும் மாணவர் முன் வைக்க வேண்டும். ஒரு தலைவர் மறைந்தபின் எஞ்சி நிற்பது அவர் மக்களா, அவர் செயலா என்று அவர்களையே கேட்க வேண்டும். கர்ப்பால் சிங் விட்டுச்சென்ற எச்சம், அவர் மைந்தர்கள் அமர்ந்த இருக்கைகளா? மரண தண்டனைக்கு எதிராக அவர் எழுப்பிய குரலா? 2023ஆம் ஆண்டு நாடாளுமன்றம் கட்டாய மரண தண்டனையை நீக்கிச் சட்டம் இயற்றியது. அப்போது சட்டத்துறைத் துணையமைச்சராக இருந்தவர் ராம்கர்ப்பால். இங்கே பரிமேலழகர் உரையும் மு. வ. உரையும் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. மக்களும் எச்சமாயினர், செயலும் எச்சமாயிற்று. அவ்வாறு அமையும் இடத்தில், வாரிசு என்னும் சொல்லை வசைமொழியாக வழங்க நமக்கு வாயெழாது.

அவ்வாறு அமையாத இடத்தில், அதாவது பெயர் மட்டும் எஞ்சிச் செயல் எஞ்சாத இடத்தில், பினாங்கு வாக்காளர் என்ன செய்வர் என்பதற்கு 1999ஆம் ஆண்டும் 2022ஆம் ஆண்டும் சான்று. அவர்களுக்கு அறிவுரை கூற வேண்டுவதில்லை. அவர்கள் எடுக்கும் குடத்தில் நல்ல ஓலைகளை இடுமாறு கட்சிகளுக்கே அறிவுரை கூற வேண்டும்.